ஜெனரேட்டர் பெட் வெடித்திருக்கிறதா? இரண்டு இன்ச் கூட்டுமுன் விரிசலைப் பாருங்கள்

ஜெனரேட்டர், ஏர் கம்ப்ரஸர், 5,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று எதை வெளியில் வைக்கப் பெட் (அதைத் தாங்கும் கான்கிரீட் மேடை) போட்டாலும் கொத்தனாரின் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் கனம்?" ஒருவர் ஆறு என்பார், இன்னொருவர் எட்டு என்பார். போட்டது வெடித்துவிட்டால் அடுத்த பெட்டுக்கு இரண்டு இன்ச் கூடும். அதுவும் வெடிக்கும். காரணம் எளிது: கனம் கூட்டினால் தீருகிற கோளாறுகள் இரண்டுதான். ஒன்று, சக்கரமோ இரும்புக் காலோ ஒரே இடத்தில் அழுத்தும் பாரம். மற்றது, இயந்திரத்தின் அதிர்வு. மீதி எல்லாம் மண், தண்ணீர், வெயில், கம்பி படுத்திருக்கும் இடம் இவற்றின் வேலை. எது என்பதை விரிசலே காட்டிக்கொடுக்கும்.

ஒரு கணக்கை முதலில் வைத்துக்கொள்வோம். 125 கே.வி.ஏ. சைலன்ட் ஜெனரேட்டர், சத்தத்தை அடக்கும் கூண்டோடு சுமார் 2.5 டன் என்று கொள்ளுங்கள் (உங்களுடையதன் எடை அதன் தகட்டில் இருக்கும், அதையே எடுக்க வேண்டும்). பெட் 3.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 200 மி.மீ. கனம். கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ. ஆக பெட்டின் எடையும் ஏறக்குறைய 2.5 டன். இரண்டும் சேர்ந்த 5 டன்னை 5.25 சதுர மீட்டர் மண் தாங்குகிறது, அதாவது சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. வெறுங்காலில் நிற்கும் ஓர் ஆள் மண்ணை அழுத்துவது இதைவிட அதிகம்: 60 கிலோ, இரண்டு பாதமும் சேர்த்து 400 சதுர செ.மீ., சதுர மீட்டருக்கு 1.5 டன். நல்ல செம்மண் பூமி 10 டன்னைச் சிரமமில்லாமல் தாங்கும். எனவே "ஜெனரேட்டர் வெயிட்டுதான் சார், பெட் அமுங்கிப்போச்சு" என்று யாராவது சொன்னால், அதை நம்புவதற்கு முன் மண்ணைப் பாருங்கள்.

முதலில் உண்மையான கனம் எவ்வளவு

பில்லில் ஆறு இன்ச் என்று இருக்கும். ஓரத்தில் டேப் வைத்தாலும் ஆறு இன்ச் காட்டும், ஏனென்றால் பலகை அடித்த இடம் அது. நடுவில் மண்ணை மட்டம் பார்க்காமல் கான்கிரீட் கொட்டியிருந்தால் அங்கே மூன்றரை இன்ச்தான் இருக்கும். ஓரத்து அளவை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் பிந்திய முடிவெல்லாம் தப்பாகும்.

நடுப்பகுதியில் ஹேமர் டிரில்லில் 12 மி.மீ. பிட் போட்டுத் துளையுங்கள். வரும் பொடி சாம்பல் நிறத்திலிருந்து செம்மண் நிறத்துக்கோ கருப்புக்கோ மாறும் கணத்தில் நிறுத்துங்கள். கட்டுக்கம்பியின் நுனியை 5 மி.மீ. மடக்கித் துளைக்குள் விட்டு, அடி விளிம்பில் கொக்கி மாட்டும்வரை இழுத்து, மேல்மட்டத்தில் விரல் நகத்தை வைத்து அளந்தால் கனம் கிடைத்துவிடும். பிட் கம்பியில் இடித்தால் அந்த ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி மேலிருந்து 50 மி.மீ. ஆழத்தில் இருந்தால் நல்லது. கம்பி அடி மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தால் அந்த பெட்டில் கம்பியே இல்லை என்றுதான் கணக்கு. மூன்று இடமாவது துளைத்துப் பார்ப்பது நல்லது. துளைகளைச் சிமெண்ட் கரைசலால் அடைத்துவிடலாம்.

அடுத்து ஒரு சுத்தியல். பெட் முழுக்கச் சாணுக்கு ஒரு தட்டு. அடியில் மண் ஒட்டியிருந்தால் சத்தம் கெட்டியாக, குட்டையாக இருக்கும். மூலைக்கு வரும்போது பானையைத் தட்டியதுபோல் 'டொம்' என்று கேட்டால் அங்கே கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி. சாக்பீஸால் அந்த எல்லையை வரைந்து வையுங்கள்.

போட்ட அன்றே மெல்லிய கோடுகள்

மட்டப்பலகை இழுத்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாகச் சாய்வான கோடுகள். விளிம்புவரை போகாமல் நடுவிலேயே தொடங்கி நடுவிலேயே முடியும். இது பாரத்தால் வந்ததல்ல, இயந்திரம் இன்னும் கடையிலேயே இருக்கிறது. மேல்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகும் வேகம், அடியிலிருந்து கசிந்து மேலே வரும் வேகத்தைத் தாண்டிவிட்டால் ஈரக் கான்கிரீட்டின் தோல் இழுபட்டுக் கிழிகிறது. வெயிலைவிடக் காற்று மோசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் உடுமலை, பல்லடம் பக்கம் ஆனி, ஆடியில் பகல் பதினொரு மணிக்குக் கான்கிரீட் போட்டால் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கான்கிரீட் இன்னும் இறுகவில்லை, கட்டைவிரல் அழுத்தினால் பதிகிறது என்றால் மரமட்டப் பலகையால் அழுத்தித் தேய்த்து மூடிவிடுங்கள், உடனே பாலிதீன் ஷீட்டைப் போர்த்துங்கள். இறுகிவிட்டால் சிமெண்ட் கரைசலைத் துடைப்பத்தால் தேய்த்து விட்டுவிடலாம். பெட்டின் வலிமைக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. இதைப் பார்த்துவிட்டு 'கனம் பத்தலை' என்று உடைக்கச் சொல்பவர் கையில் கடப்பாரை கொடுக்காதீர்கள்.

சில வாரம் கழித்து நடுவில் குறுக்கே ஒரே கோடு

பெட்டை இரண்டாகப் பங்கு பிரித்ததுபோல் குறுக்கே நேர்கோடு, இரண்டு பக்கமும் ஒரே மட்டம். இது காயும்போது சுருங்கியதால் வந்தது. கான்கிரீட் சுருங்கியே தீரும், எங்கே பிளக்க வேண்டும் என்று நாம் சொல்லாததால் அதுவே இடம் பார்த்துக்கொண்டது. ஜாயின்ட் (பிளக்க வேண்டிய இடத்தில் நாமே வெட்டி வைக்கும் கோடு) வெட்டும் இடைவெளி கனத்தைப் போல் 24 முதல் 30 மடங்கு. 150 மி.மீ. பெட்டுக்கு 3.6 முதல் 4.5 மீட்டர். வெட்டும் ஆழம் கனத்தில் கால் பங்கு. கட்டர் மிஷினை மறுநாள் காலைக்குள் கொண்டுவர வேண்டும், மூன்றாம் நாள் வெட்டினால் விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு அலங்காரக் கோடு போட்டதாகத்தான் ஆகும். நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் நடுவில் ஒரு ஜாயின்ட் வைப்பது பாதுகாப்பு. ஜெனரேட்டர் பெட் போல ஒற்றைத் துண்டாகவே வேண்டும் என்றால் ஜாயின்டுக்குப் பதில் கம்பியைச் சரியாக வைக்க வேண்டும். கம்பி விரிசலைத் தடுக்காது, வந்த விரிசல் வாய் திறக்காமல் பிடித்து வைக்கும்.

கேபிள் டிரெஞ்சின் (கேபிள் போக விட்ட பள்ளத்தின்) உள்மூலையிலிருந்து கோணலாக ஒரு விரிசல் கிளம்பியிருந்தால் அதுவும் இதே குடும்பம். புதிதாகப் போடும்போது ஒவ்வொரு உள்மூலைக்கும் குறுக்கே மூன்றடி நீளமுள்ள 12 மி.மீ. கம்பிகள் இரண்டை 45 பாகையில் போடுங்கள். பெட்டைக் கட்டடச் சுவரோடு சேர்த்து ஊற்றியிருந்தாலும் இப்படி வெடிக்கும்.

விரிசல் 0.3 மி.மீ.க்குள் நின்றால் விட்டுவிடலாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 பொதுவாக ஏற்கும் அளவு அதுதான். வளர்கிறதா என்று தெரிய, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் எபாக்ஸியால் ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் உயிரோடு இருக்கிறது, அடைப்பதில் பயனில்லை.

மூலை முக்கோணமாக உடைந்தது

இங்கேதான் கனம் உண்மையிலேயே பேசுகிறது. மூலையிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, இரு பக்கங்களையும் இணைத்துச் சாய்வாக ஒரு விரிசல். அந்த முக்கோணத்தின் மேல் கால் வைத்தால் லேசாக ஆடும்.

ஒற்றைப் பாரம் மூலையின் நுனியில் நிற்கிறது, அடியில் மண் தாங்கவே இல்லை என்ற மிக மோசமான நிலைக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: பாரத்தை மூன்றால் பெருக்கி, கனத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கான்கிரீட்டின் மேல்பக்கம் இழுபடும் அழுத்தம் வரும். பாரம் நியூட்டனில், கனம் மி.மீ.யில், விடை சதுர மி.மீ.க்கு இத்தனை நியூட்டன் என்று வரும். எம்20 (எண் கூடக் கூட வலிமை கூடும் கான்கிரீட் தரம்) வளைவில் தாங்குவது சுமார் 3.1. எம்30 என்றால் 3.8.

நம் ஜெனரேட்டரின் 2.5 டன் நான்கு கால்களில் இறங்குவதாக வைத்தால் ஒரு காலுக்கு 625 கிலோ, சுமார் 6,130 நியூட்டன். 150 மி.மீ. பெட்டில் 6,130 × 3 ÷ 22,500 = 0.8. தாங்கும் அளவில் கால் பங்கு. ஆக ஜெனரேட்டர் இந்த மூலையை உடைக்கவில்லை. உடைத்தது யார் என்றால், டீசல் டிரம் இறக்க வந்த லாரியோ, கொண்டுவந்து வைத்த கிரேனோதான். 2018 திருத்தத்துக்குப் பிறகு நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு அனுமதி 11.5 டன். ஒரு பக்கத்துக்கு 5.75 டன், அதாவது 56,400 நியூட்டன். அதே 150 மி.மீ. மூலையில் அந்தச் சக்கரம் ஏறினால் 7.5 வருகிறது. தாங்குவதைப் போல் இரண்டரை மடங்கு. டயர் ஒரு புள்ளியாக இல்லாமல் பரவி நிற்கும், மண்ணும் கொஞ்சம் தாங்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும், ஆனால் மூலைக்கடியில் 'டொம்' சத்தம் கேட்டிருந்தால் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

இதே சூத்திரத்தில் இன்னொன்றும் தெரியும். எம்20-ஐ எம்30 ஆக்கினால் கிடைப்பது 22 சதவீத வலிமை. 150-ஐ 200 ஆக்கினால் 78 சதவீதம். சக்கரம் ஏறும் பெட்டுக்குப் பணத்தைச் சிமெண்டில் போடுவதைவிடக் கனத்தில் போடுவது லாபம். அதிலும் பெட் முழுவதும் கூட்டத் தேவையில்லை, பலவீனம் ஓரத்திலும் மூலையிலும்தான். நடுவில் 150 மி.மீ. வைத்து, வண்டி ஏறும் பக்கத்தில் 300 மி.மீ. அகலத்துக்கு 250 மி.மீ. கனம் கொடுத்து, அங்கிருந்து இரண்டடி தூரத்தில் சரிவாக நடுக்கனத்துக்குக் கொண்டுவந்து சேருங்கள். மண்ணில் படி வெட்டியதுபோல் சடாரென்று கனத்தை மாற்றினால் விரிசல் அந்தப் படியில் தொடங்கும்.

உடைந்த மூலையைச் சரிசெய்ய: முக்கோணத்தை மட்டும் எடுத்துவிட்டு ஒட்டுப் போடாதீர்கள், கூர்முனை மறுபடி உடையும். மூலையைச் சுற்றி நேர்கோட்டில் கட்டர் ஓட்டி, சதுரமாக முழு ஆழத்துக்கும் வெட்டி எடுங்கள். அடியில் நொசநொசவென்று இருக்கும் மண்ணை 150 மி.மீ. தோண்டி எறிந்து, அங்கே வெட்மிக்ஸை (ஜல்லியும் பொடியும் தண்ணீர் விட்டுக் கலந்தது) இரண்டு அடுக்காகப் போட்டு இடியுங்கள். பழைய கான்கிரீட்டின் வெட்டுமுகத்தில், கனத்தின் நடுவில், 300 மி.மீ.க்கு ஒன்றாக 200 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, 400 மி.மீ. நீளமுள்ள 20 மி.மீ. வழவழப்பான கம்பியை எபாக்ஸியில் நிறுத்துங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியில் கிரீஸ் தடவ வேண்டும், அப்போதுதான் புதுக் கான்கிரீட் சுருங்கும்போது அதன்மேல் வழுக்கும், பாரத்தை மட்டும் அடுத்த துண்டுக்குக் கடத்தும். கிரீஸ் தடவாவிட்டால் கம்பி நுனிகளை இணைத்துப் புது விரிசல் வரும். பிறகு எம்25 கான்கிரீட்டை 250 மி.மீ. கனத்துக்கு ஊற்றுங்கள்.

மழையில் தூக்குகிறது, கோடையில் இறங்குகிறது

ஐப்பசியில் ஜெனரேட்டர் கூண்டின் கதவு சட்டத்தில் உரசுகிறது, சித்திரையில் தானாகச் சரியாகிவிடுகிறது. எக்ஸாஸ்ட் குழாய் ஜாயின்ட் வருஷாவருஷம் கழல்கிறது. பெட்டைச் சுற்றி மண் கோடையில் ஆள் விரல் நுழையும் அளவு வாய் பிளந்திருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலும் பல பகுதிகளில் இதே கரிசல்தான்.

இந்தக் கோளாறுக்குக் கனம் கூட்டுவதைப் போல் வீண்செலவு வேறில்லை. கரிசல் ஈரம் குடித்து வீங்கும்போது சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்துவது அசாதாரணம் அல்ல. நம் பெட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்து கொடுக்கும் கீழழுத்தம் ஒரு டன். எடையாலேயே அதை அமுக்கி வைக்க வேண்டுமானால் கான்கிரீட் நான்கு மீட்டர் கனம் வேண்டும். ஆறு இன்ச்சை எட்டாக்கினால் கரிசல் அதை உணரக்கூடச் செய்யாது.

மண் நகர்கிறதா என்று உறுதிசெய்வது சுலபம். பெட்டின் நான்கு மூலையிலும் பெயின்ட்டில் புள்ளி வையுங்கள். ஆழமான அஸ்திவாரம் உள்ள கட்டடத் தூணில் ஒரு கோடு. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து, தூண் கோட்டிலிருந்து ஒவ்வொரு மூலையும் எவ்வளவு இறக்கம் என்று கார்த்திகையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை எழுதுங்கள். டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் அளவே பொய்யாகும். 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் குற்றவாளி மண்தான். மழை தொடங்கியதும் ஓரம் தூக்கினால் தண்ணீர் வெளியிலிருந்து புகுகிறது. வருஷக்கணக்கில் நடுப்பகுதி குமிழ்போல் எழும்பினால் பெட் மூடியதால் மண்ணின் ஈரம் ஆவியாகாமல் உள்ளேயே தங்குகிறது.

புதிய இடத்தில் பெட் போடுமுன் மண் எவ்வளவு வீங்கும் என்று பார்க்க ஐ.எஸ். 2720 பாகம் 40-இல் ஒரு சோதனை உண்டு, கொஞ்சம் கவனமிருந்தால் சைட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். இரண்டடி ஆழத்து மண்ணை எடுத்து உலர்த்தி, பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலிக்க வேண்டும். பத்துப் பத்து கிராம் இரண்டு பங்கு. 100 மி.லி. அளவுச் சிலிண்டர் இரண்டு: ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணைப் போட்டுக் கண்ணாடிக் குச்சியால் கிளறிக் காற்றை வெளியேற்றி 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெய்யில் மண் வீங்காது, அதுதான் ஒப்பிடும் அளவு. மறுநாள் மண்ணெண்ணெய்யில் மண்மட்டம் 10-லும் தண்ணீரில் 18-லும் நின்றால் வீக்கம் 80 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே வெறும் பெட்டை மட்டும் நம்பிப் போடக்கூடாது. 100-ஐத் தாண்டினால் மண் பரிசோதனைக் கூடத்துக்கும் பொறியாளரிடமும் போங்கள்.

தீர்வு: கரிசலை மூன்றடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டு, பெட்டைவிட எல்லாப் பக்கமும் இரண்டடி கூடுதலாக, களி சற்றே கலந்த செம்மண் கிராவலை 150 மி.மீ. அடுக்குகளாகத் தண்ணீர் தெளித்து இடித்து நிரப்ப வேண்டும். திமிசுக் கட்டை இதற்குப் போதாது, எர்த் ராம்மர் (மண் இடிக்கும் இயந்திரம்) வாடகைக்கு எடுங்கள். பலர் செய்யும் தவறு, கிராவலுக்குப் பதில் மணலோ எம்-சாண்டோ நிரப்புவது. 'மணல் வீங்காது' என்பது சரிதான். ஆனால் சுற்றிலும் தண்ணீர் இறங்காத கரிசல், நடுவில் மணல் நிரம்பிய குழி என்றால் அது ஒரு தொட்டி. மழைத் தண்ணீர் அங்கே வந்து தங்கி, அடியிலுள்ள கரிசலுக்கு மாதக்கணக்கில் ஊட்டிக்கொண்டே இருக்கும். கிராவலுக்கு மேல், பெட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறச் சரிவோடு ஏப்ரன் தளம், அதன் ஓரத்தில் தண்ணீர் ஓடக் கால்வாய். கூரைத் தண்ணீர் பெட் பக்கம் விழுந்தால் குழாய் வைத்துத் திருப்புங்கள். செடி, மரம் எதையும் பக்கத்தில் நடாதீர்கள், வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சும்.

மட்டம் துளியும் மாறக்கூடாத இயந்திரம் என்றால் கிராவலோடு நிற்காமல் அண்டர் ரீம் பைல் (அடியில் குமிழாக அகலும், மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) தான் வழி. சுமார் 3.5 மீட்டர் ஆழத்தில், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத மண்ணில் அதன் குமிழ் பிடித்துக்கொள்ளும். பெட்டுக்கும் மண்ணுக்கும் இடையில் வீங்க இடம் விட வேண்டும், இதை மறந்தால் பைல் போட்டும் பயனில்லை.

ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தது, திரும்பி வரவில்லை

பருவத்தோடு சேராத சாய்வு என்றால் அந்தப் பக்கத்தின் கீழே என்ன இருந்தது என்று விசாரியுங்கள். குழாய் பதித்து மூடிய பள்ளம், பழைய செப்டிக் டேங்க், கட்டட அஸ்திவாரத்துக்குத் தோண்டிச் சும்மா தள்ளி மூடிய மண். அநேகமாக இதில் ஒன்று இருக்கும். 12 மி.மீ. கம்பியைப் பெட்டின் ஓரத்தில் மண்ணில் அழுத்துங்கள். ஒற்றைக் கையில் ஒரு முழம் இறங்கினால் அது நிரப்பிய மண். பெட்டைத் தூக்கி எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தை அடுக்கடுக்காக இடித்து நிரப்புவதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. மேலே சமன் செய்யக் கான்கிரீட் ஊற்றினால் சாய்ந்த பக்கத்துக்கே இன்னும் எடை கூட்டுகிறீர்கள்.

ஜாயின்டில் வண்டி ஏறும்போது சேற்றுத் தண்ணீர் பீச்சுவதும் இந்த ரகம். அடியிலுள்ள மெல்லிய மண் தண்ணீரோடு வெளியேறுகிறது, அந்த இடம் பொத்தலாகும். முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள்.

பெட் முழுக்க அதிர்கிறது

முக்கால் டம்ளர் தண்ணீர் போதும். ஜெனரேட்டர் ஓடும்போது எவர்சில்வர் டம்ளரைக் கூண்டின் அடித்தளத்தில், பெட்டின் நடுவில், நான்கு மூலைகளில், பிறகு பெட்டுக்கு வெளியே தரையில் என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். கூண்டில் தண்ணீர் துள்ளுகிறது, பெட்டில் அமைதி என்றால் என்ஜினின் அதிர்வுத் தாங்கி ரப்பர்கள் போயிருக்கின்றன, கொத்தனாருக்கு இங்கே வேலையில்லை. ஒரு மூலையில் மட்டும் வளையம் வளையமாக அலை வந்தால் அந்த மூலைக்கடியில் மண் இல்லை, சுத்தியலும் அதையே சொல்லியிருக்கும். பெட் முழுக்க ஆடினால்தான் பெட்டின் எடை போதவில்லை என்ற பேச்சுக்கு வரலாம். வெளித்தரையும் சேர்ந்து ஆடினால் பெட்டை ஆலைத் தரையோடு ஒட்டி ஊற்றியிருக்கிறார்கள். சுற்றிலும் 20 மி.மீ. வெட்டிப் பிரித்துத் தார் கலந்த அடைப்பானை நிரப்பினாலே பாதி பிரச்சினை தீரும்.

ரப்பர் தாங்கியோடு வரும் ஜெனரேட்டருக்குப் பெட்டின் எடை குறைந்தது இயந்திரத்தின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். இயந்திர எடையை 2,400-ஆலும் பெட்டின் நீள அகலத்தாலும் வகுத்தால் கனம். 2,500 ÷ (2,400 × 3.5 × 1.5) = 0.198 மீட்டர், எட்டு இன்ச். முதலில் பார்த்த 200 மி.மீ. வந்தது இப்படித்தான். டீசல் டேங்க் நிரம்பிய எடையை எடுக்க வேண்டும்.

ரப்பர் இல்லாமல் நேராக போல்ட் அடிக்கும் பிஸ்டன் கம்ப்ரஸர் வேறு ஜாதி. அதற்கு மூன்று முதல் ஐந்து மடங்கு எடை தேவை. 600 கிலோ கம்ப்ரஸர், 1.8 × 1.2 மீட்டர் இடம் என்றால் கனம் 350 முதல் 580 மி.மீ. வருகிறது. அது பெட் அல்ல, பிளாக். அந்த பிளாக்கின் நடுவும் இயந்திரத்தின் பார மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், விலகல் அந்தப் பக்க அளவில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மோட்டார் ஒரு பக்கமாக நீண்டிருக்கும் கம்ப்ரஸர்களில் இதைக் கவனிக்காமல் சட்டத்தின் நடுவைப் பிளாக்கின் நடுவில் வைத்துவிடுகிறார்கள். பெரிய இயந்திரத்துக்கு இயந்திர அஸ்திவாரத்துக்கான ஐ.எஸ். 2974 படி அதிர்வெண் கணக்குப் போடாமல் ஊற்ற வேண்டாம். அங்கே சும்மா எடை கூட்டுவது சில நேரம் மண்ணின் இயல்பான ஆட்டத்தை இயந்திரத்தின் வேகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிலைமையை மோசமாக்கும்.

போல்ட்டைச் சுற்றி உடைப்பு, துருக்கோடு, பொடி

போல்ட்டைச் சுற்றிக் கூம்பு போல் பெயர்ந்தால் போல்ட் ஓரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 16 மி.மீ. போல்ட்டுக்கு விளிம்பிலிருந்து 160 மி.மீ.யாவது விடுங்கள். இயந்திரச் சட்டத்தைவிடப் பெட் நாலாபுறமும் 150 மி.மீ. நீண்டிருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான்.

எட்டு இன்ச்சுக்கு ஒரு கோடாக, கட்டம் கட்டமாக விரிசல், அதில் பழுப்புக் கறை: கம்பி மேலே ஒட்டிக் கிடக்கிறது, துருப்பிடித்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரங்களில் இது சீக்கிரம் வரும். கடற்காற்று படும் இடத்துக்கு ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம்30, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்). கவர் பிளாக் சிமெண்டில் வார்த்ததாக இருக்கட்டும், ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுப்பதை அனுமதிக்காதீர்கள்.

மேல்பரப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் அதிகம், அல்லது கசிந்த தண்ணீரின் மேல் சிமெண்ட் தூவித் தேய்த்திருக்கிறார்கள். கனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புதிதாகப் போடும்போது

கெட்டியான செம்மண் பூமியில், வண்டி ஏறாத இடத்தில், 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு 125 முதல் 150 மி.மீ. போதும். ஆனால் தொட்டியின் அடி முழுக்கப் பெட்டில் உட்கார வேண்டும், பெட் தொட்டியைவிடச் சின்னதாக இருந்தால் தொட்டிதான் கிழியும். சின்ன ஜெனரேட்டர்களுக்கு 150. 125 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு, முன்பு போட்ட கணக்குப்படி, 200. சுமார் 4.5 டன் ஜெனரேட்டரை 4.5 × 2 மீட்டர் பெட்டில் வைத்தால் கணக்கு 208 தரும், 225 என்று எடுங்கள். லாரிச் சக்கரம் ஏறக்கூடிய எந்தப் பெட்டின் ஓரமும் 250-க்குக் குறையக்கூடாது.

நம் 3.5 × 1.5 × 0.2 மீட்டர் பெட்டுக்கு 1.05 கன மீட்டர் கான்கிரீட். 1:1.5:3 கலவையில் சிமெண்ட் 9 மூட்டை, எம்-சாண்ட் 16 கன அடி, 20 மி.மீ. ஜல்லி 32 கன அடி. சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கம்பி 10 மி.மீ., 200 மி.மீ. இடைவெளியில் இரு திசையிலும், மேல் ஒரு வலை, கீழ் ஒரு வலை: இரண்டும் சேர்த்து 65 கிலோ. இரண்டு இன்ச் கூட்டுவதற்கான செலவு இந்தப் பெட்டில் இரண்டு மூட்டைச் சிமெண்டுதான், அதனால் கூட்டுவது பாவமில்லை. கூட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் மண்ணை இடிக்காமல் விடுவதுதான் கெடுதல்.

மேல்மண்ணை வேரோடு எடுத்து, அடியை இடித்து, 100 மி.மீ. கிராவலோ வெட்மிக்ஸோ போட்டு மறுபடி இடித்து, 75 மி.மீ. பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) 1:4:8. அதன் மேல் பாலிதீன் ஷீட், பிறகு கீழ்வலைக்குக் கவர் பிளாக், மேல்வலைக்கு மூன்றடிக்கு ஒரு சேர் கம்பி (வலையைத் தூக்கி நிறுத்த நாற்காலிபோல் வளைத்தது). சேர் போதாவிட்டால் ஊற்றும் ஆட்கள் மிதித்து மேல்வலையைக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். மூட்டைக்குத் தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் கூடாது, எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதையும் கழித்துத்தான். 'கலவை ஓடணும், தண்ணி கூட்டுங்க' என்று ஆட்கள் கேட்பார்கள், அதற்குப் பதில் கான்கிரீட்டை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டரைக் கையில் கொடுங்கள்.

கடையில் கிடைக்கும் சிமெண்ட் பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்த வகை). அதற்கு ஏழு நாள் ஈரம் போதாது, குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினான்கு. சாக்கு போட்டுக் காலை மாலை நனைப்பதைவிட ஓரத்தில் களிமண் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது நம்பகமானது, சாக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும். பதினான்கு நாளுக்கு முன் இயந்திரத்தை ஏற்றாதீர்கள், லாரியோ கிரேனோ பெட்டின் மேல் ஏற வேண்டியிருந்தால் 28 நாள் பொறுங்கள். அவசரம் என்றால் கிரேனைப் பெட்டுக்கு வெளியே நிறுத்தி, அதன் முட்டுக் கால்களுக்கு அடியில் கனத்த மரக்கட்டை வைத்து, கையை நீட்டி இறக்கச் சொல்லுங்கள். முட்டுக் கால் பெட்டின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி ஊன்ற வேண்டும்.